அழுகிய கட்டையும் சிவப்புக் கம்பளமும்

செய்தி வந்தபோது நான் பள்ளி ஆய்வகத்தில் செய்முறைத் தேர்வுக்காகக் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தேன். துரைக்கண்ணு அண்ணனின் மகள் வசந்தி போனில் கூப்பிட்டாள். "அக்கா, நைனா பூட்டாருக்கா" என்றாள். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். அவள் அழுவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் எனக்குள் முதலில் எழுந்தது துக்கம் இல்லை, கோபம். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டாரே என்ற கோபம். அந்தக் கோபத்தோடுதான் மாலை வாங்கிக்கொண்டு திண்டிவனம் ரோட்டில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். அந்தக் கோபத்தோடுதான் இதையும் எழுதுகிறேன்.

நம் ஊர் நலச் சங்கத்தார் நினைவு மலர் போடுகிறார்களாம். "லேப் அம்மா, நீங்களும் நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். நல்லதாக எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு எதிரில் தொங்கும் பேனரில் அவரை வெள்ளத்தில் வந்த வள்ளல் என்று போட்டிருக்கிறது. அந்த வெள்ளத்தில் எங்கள் ஏரிக்கரைத் தெரு என்ன பாடுபட்டது என்று பேனர் அடித்தவர்களுக்குத் தெரியும். அவரோடு பழகிய உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருக்கிறீர்கள். ஆகவே நான் பேசுகிறேன். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம், அங்கே கவிதை இருக்கும்.

சங்கத்துக்குப் படகு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். செஞ்சியில் படகு எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஏரி கோடி போகும்போது, அதாவது நிரம்பி வழியும்போது, எங்கள் தெருவுக்கு வந்து பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். தெரு பள்ளத்தில் இருக்கிறது. ஆளை மறைக்கும் தண்ணீர் வந்து நிற்கும். அப்படி ஒரு மழைக்குப் பிறகுதான் சங்கம், புதுச்சேரிப் பக்கம் மூடிப்போன ஒரு விடுதியிலிருந்து பழைய பைபர் படகையும் அதை ஏற்றி இழுக்கும் டிரெய்லரையும் வாங்கி வந்தது. சங்கத் தலைவர் துரைக்கண்ணு அண்ணன். அவருக்குத் தொழில் பந்தல் கான்ட்ராக்ட். படகு அவருடைய பந்தல் கொட்டகையில் நின்றது. சாவி அவர் இடுப்பில் தொங்கியது.

டிரெய்லரின் இரும்புச் சட்டத்தின்மேல் நீளவாக்கில் இரண்டு மரக்கட்டைகள் இருக்கும். படகின் வயிறு அந்த இரண்டின்மேல்தான் உட்காரும். வயிறு உரசாமல் இருக்கவும், தண்ணீரில் வழுக்கி இறங்கவும் கட்டைக்கு மேல் கம்பளம் சுற்றியிருக்கும். வந்தபோதே அந்தக் கட்டைகள் தேய்ந்து போயிருந்தன. மாற்ற வேண்டும் என்று தீர்மானம் ஆனதும், "மரமும் துணியும்தானே, அது என் தொழிலாச்சே" என்று துரைக்கண்ணு அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார். கல்யாண மேடைக்குப் போடும் மாம்பலகையை அறுத்து வைத்தார். அதன்மேல் மண்டபத்தில் விரிக்கும் சிவப்புக் கம்பளத்தை இரண்டாக மடித்துப் போட்டார். பந்தல்காரர்கள் துணி கிழியாமல் இருக்க ஆணிக்குக் கீழே சோடா மூடி வைத்து அடிப்பார்களே, அதேபோல மேல்பக்கமாகவே வரிசையாகச் சோடா மூடி வைத்து ஆணி அடித்தார். கடைசியில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கற்பூரமும் காட்டியாயிற்று. மாப்பிள்ளை உட்காரும் மேடை மாதிரி ஜோராக இருந்தது. படகு என்பது நனைகிற பொருள் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

அந்தக் கம்பளம் முதல் நனைப்பிலேயே சாயம் விட்டது. படகின் வெள்ளை வயிறு முழுக்க வெற்றிலை போட்ட வாய்போலச் சிவந்துவிட்டது. சாயம் போனால் போகட்டும், கம்பளம் உறிஞ்சிய தண்ணீர் காயவே இல்லை. சித்திரை வெயிலில் கை வைத்தாலும் அடியில் ஈரம் இருந்தது. நான் போய்ச் சொன்னேன். "மேடை போட்டே தலை நரைச்சவன் நானு, எனக்கே பலகையைப் பத்திப் பாடமா?" என்று கேட்டுவிட்டு வாடகைப் பாத்திரத்தை எண்ணப் போய்விட்டார். மறு வருஷம் கம்பளம் நைந்ததும், அதைப் பிரிக்காமல் அதன்மேலேயே இன்னொரு சிவப்புக் கம்பளத்தை அடித்தார். "பழசு மேல புதுசு போட்டா மெத்து மெத்துனு இருக்கும் லேப்பம்மா" என்றார். அவர் சொன்னதும் கொட்டகையில் இருந்தவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள்.

ஒரு ஆடி மாதம் நான் கொட்டகைக்குப் போய், கட்டையின் நுனியில் கம்பளம் கிழிந்த இடத்தில் பேனாவை வைத்து அழுத்தினேன். பேனா பாதிவரை உள்ளே போயிற்று. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பேனா நட்டுக்கொண்டு நிற்கிறது, அவர் பார்க்கிறார். "இன்னா லேப்பம்மா, மரத்துக்கு ஊசி போடுறியா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அண்ணே, கட்டை அழுகிப்போச்சு. ஐப்பசிக்குள்ள மாத்திடுங்க" என்றேன். "நீ குத்தாம இருந்தா அது நல்லாத்தான் இருக்குது" என்று பேனாவைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். அவருடைய பொன்மொழிகளைத் தொகுக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷமே ஏரி கோடி போயிற்று. ராஜகிரி மலையே கண்ணுக்குத் தெரியாத மழை. காலையில் எழுந்து பார்த்தால் எங்கள் தெருவில் திண்ணைகளைக் காணவில்லை. நடக்க முடிந்தவர்கள் முந்தின ராத்திரியே பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட்டோம். அஞ்சலையும் அவள் வீட்டுக்காரர் முனுசாமியும் மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். முனுசாமிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவராக எழுந்து உட்காரக்கூட முடியாது. டிராக்டரில் டிரெய்லரைக் கட்டி இழுத்து வந்தார்கள். கல்வெர்ட் பாலத்துச் சரிவில் இறங்கும்போது வலதுபக்கக் கட்டை பொத்தென்று உள்வாங்கி, படகு சாய்ந்து ஆணிகளின்மேல் உட்கார்ந்தது. விரிசல் விட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. "ஒண்ணும் ஆவல, தள்ளுங்கடா" என்றார் துரைக்கண்ணு அண்ணன். தள்ளினோம்.

கழி ஊன்றிய இரண்டு பேரோடு நானும் படகில் போனேன். முனுசாமியைப் போர்வையில் சுருட்டித் தூக்கிப் படகின் தரையில் கிடத்தினோம். அஞ்சலை ஒரு குண்டானைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினாள். பாதி வழியில் என் கால் விரல்கள் நனைந்தன. மழைத் தண்ணீர் என்று நினைத்தேன். பிறகு கணுக்கால் நனைந்தது. கிடக்கிற மனிதனுக்குக் கணுக்கால் அளவு என்றால் காதளவு. அஞ்சலை புருஷன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "மொள்ளு, மொள்ளு" என்று கத்தினாள். நான் குண்டானால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே கொட்டினேன். முனுசாமிக்குப் பேச்சு வராது. கண்கள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. கரை சேர்ந்தோம். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பேனரில் போட்டிருக்கிறீர்களே வெள்ளம் என்று, அது இதுதான்.

தண்ணீர் வடிந்ததும் சங்கக் கூட்டத்தில் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். படகு எங்கள் தெருவுக்காக வந்தது. இனிமேல் அதில் ஏற மாட்டேன் என்று அஞ்சலை சொல்லிவிட்டாள். அவளைப் பார்த்துத் தெருவே தயங்குகிறது. ஆகவே தலைவர் தெருவுக்கு வந்து, "கட்டை அழுகியிருந்தது, எனக்குத் தெரியும், மாத்தாம விட்டது என் தப்பு, இப்ப சரி பண்ணியாச்சு" என்று அஞ்சலையிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அவர் எழுந்து, "வெள்ளம்னா ஆயிரம் ஆகும். படகு பழசு. அதுக்கு நான் இன்னா பண்றது?" என்றார். பின் வரிசையிலிருந்து ஒருவர், "நம்ம தலைவரு போயி அந்தத் தெருவுல கைகட்டி நிக்கணுமா?" என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அதுதான் காரணமா என்று அவரிடமே கேட்டேன். "சேச்சே, அதெல்லாம் இல்லம்மா" என்றார். பிறகு எதுதான் காரணம் என்றதற்கு மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் கட்டையை மாற்றினார். அதையும் எழுதத்தான் வேண்டும். பள்ளி விட்டதும் தினமும் கொட்டகைக்குப் போய், நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பிக்கை இல்லாததால்தான் உட்கார்ந்தேன், அது அவருக்கும் தெரியும். படகைத் தாம்புக்கயிறு கட்டித் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கம்பளத்தை உரித்தார். ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. துருப்பிடித்த சோடா மூடிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. அடியில் மரவட்டைகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. கடைசியில் கட்டை வந்தது. உளியே தேவைப்படவில்லை. டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி கையோடு பிய்ந்து வந்தது. பிய்த்ததைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "நாத்தம் தாங்கல" என்றார்.

மறுநாள் போனால் மறுபடி மாம்பலகை வாங்கி வைத்திருக்கிறார்! கத்தினேன். லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் விசாரித்து, அவர்கள் போடும் பிள்ளைமருது மரம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அறுத்த முனைகளில் தண்ணீர் ஏறாதபடி வார்னிஷ் மூன்று கை அடிக்கச் சொன்னேன். சட்டத்தோடு கட்டையைப் பிணைக்கும் போல்ட்டைக் கீழிருந்து விடவும், விரிப்பை மேலே ஆணி அடிக்காமல் அடிப்பக்கமாக இழுத்துப் பிடிக்கவும் சொன்னேன். இதெல்லாம் நான் கண்டுபிடித்தது இல்லை, வந்தபோது இருந்த பழைய கட்டையே அப்படித்தான் இருந்தது. அவர்தான் அதைப் பார்க்காமல் விறகுக்குப் போட்டார். விரிப்புக்குத் தண்ணீர் தங்காத பிளாஸ்டிக் நார்க் கம்பளம் வாங்கி வந்தேன். சாம்பல் நிறம். "எழவு வூட்டு கலரா இருக்குதே, செவப்பு கெடைக்கலியா?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கம்பளத்தை அவர் தலையிலேயே போர்த்தியிருப்பேன்.

எல்லாம் முடிந்த பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். சட்டையைக் கழற்றினார். ஒரு கட்டையின்மேல் குப்புறப் படுத்து, வெறும் வயிற்றோடு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை உரசிக்கொண்டே நகர்ந்தார். அது முடிந்து அடுத்த கட்டையிலும் அப்படியே. பெரிய தொப்பை. எங்காவது ஆணியோ கம்பியோ துருத்திக்கொண்டிருந்தால் கிழித்திருக்கும். எழுந்து வயிற்றைத் தடவிக் காட்டி, "என் வயிறு தாங்குச்சுன்னா படகு வயிறும் தாங்கும்" என்றார். கீறல் இல்லை. வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதனால் நான் எழுந்து வந்தேன். பாராட்டவும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதாவிட்டால் நான் பொய் சொன்னவளாகிவிடுவேன். என் அப்பா இறந்தபோது காலையில் கண் விழித்தால் வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. யாரும் சொல்லி அனுப்பவில்லை. துரைக்கண்ணு அண்ணன் தாமே நின்று நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார். காசு பேச்சே எடுக்கவில்லை. எங்கள் தெருவில் எந்தச் சாவுக்கும் அவர் அப்படித்தான் வந்தார். எழவு வீட்டில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பார், குழி மூட மண் சட்டியைக்கூடத் தூக்குவார். அப்படிப்பட்டவருக்கு உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணின் எதிரில் நின்று ஒரு வாக்கியம் பேச வரவில்லை. இது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. விளங்காததால் கோபம் இன்னும் அதிகமாகத்தான் ஆகிறது.

அவர் பேசாததால் என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். அடுத்த வருஷ மழையிலும் ஏரி கோடி போயிற்று. இந்த முறை டிரெய்லர் சரிவில் ஆடாமல் இறங்கியது, படகு புதுக் கம்பளத்தில் வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் உட்கார்ந்தது. விரிசலையும் அடைத்தாயிற்று. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. நாங்கள் அஞ்சலை வீட்டு வாசலில் போய் நின்றோம். அவள் ஏறவில்லை. "அந்த ஆளு வந்து சொல்லட்டும், ஏறுறேன். போன வாட்டியும் ஒண்ணும் ஆவாதுன்னுதானே ஏத்துனீங்க?" என்றாள். நான் படகைத் திருப்பிக்கொண்டு வந்து, கரையில் குடை பிடித்து நின்ற துரைக்கண்ணு அண்ணனிடம் கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். "அண்ணே, வாங்கண்ணே. படகுல உக்காந்து வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க கால்ல விழுறேன்." அவர் முகம் கறுத்துவிட்டது. "ஏறச் சொல்லு. கட்டை புதுசு, நானே போட்டது. ஒண்ணும் ஆவாது" என்றார். கேட்டது அது இல்லை என்று அவருக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் தண்ணீர் இறங்கும்வரை அஞ்சலை வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். செங்கல்மேல் ஏற்றி வைத்த கட்டிலில் முனுசாமி. கட்டில் மிதந்துவிடாமல் இருக்க அதன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் திரும்பக் கொண்டுபோன நல்ல படகு வாசலில் நின்றது. துரைக்கண்ணு அண்ணன் கரையை விட்டுப் போகவில்லை, சாப்பிடவும் இல்லை. நின்றுகொண்டே இருந்தார். அதைச் சொல்லி நீங்கள் உருகுகிறீர்கள். எனக்கு உருகவில்லை. அவர் நின்ற இடத்துக்கும் அஞ்சலை நின்ற இடத்துக்கும் நடுவில் அவரே போட்ட கட்டையும் படகும் தயாராக இருந்தன.

தை மாதம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்தேன். அவருக்கு மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்ததும், "கட்டை எப்படி இருக்குது, குத்திப் பாத்தியா?" என்றார். "கட்டை நல்லா இருக்குது. அஞ்சலை இன்னும் கேக்குறா" என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மனைவி என் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்து, "வுடும்மா, என்கிட்டயே ஒரு நாளும் தப்புன்னு சொன்னதில்ல அந்த மனுசன்" என்றார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

இப்போது படகில் அவர் பெயரை எழுத வேண்டும் என்று சங்கம் முடிவு செய்திருக்கிறது. எழுதினால் அஞ்சலை அதில் ஏற மாட்டாள். மழைக்கு முன்னால் இதற்கு ஒரு வழி செய்தாக வேண்டும். ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை நான் அஞ்சலை வீட்டுக்குப் போனேன். முறத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "சங்கத்து சார்பா சொல்றேன் அஞ்சலை, தப்பு நடந்துபோச்சு" என்றேன். அவள் நிமிரவில்லை. "சங்கமா கட்டை போட்டுச்சு? அவரு சார்பா சொல்லு" என்றாள். அந்த மனிதருக்காக நான் ஏன் சொல்ல வேண்டும்? உள்ளே கட்டிலில் முனுசாமி அதே கண்களால் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். "துரைக்கண்ணு அண்ணன் சார்பா சொல்றேன். கட்டை அழுகியிருந்துச்சு. அவருக்குத் தெரியும். மாத்தாம வுட்டது அவரு தப்பு." பாதியிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்காக அழுதேனா, ஆத்திரத்தில் அழுதேனா, தெரியாது. அஞ்சலை கொஞ்ச நேரம் கடலையை உரித்தாள். பிறகு, "சரி. மழை வந்தா கூப்புடு" என்றாள்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது என்ன என்று இந்த மாதிரிக் கட்டுரைகளில் கடைசியில் எழுதுவார்கள். அவர் சொல்லாமல் விட்ட அந்த வாக்கியம்தான் எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. படகில் பெயர் எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெயருக்காகத் தெருவில் யார் எப்போது கேட்டாலும் அதைச் சொல்ல நான் இருக்கிறேன். ஆனால் அவரிடம் ஒன்று கேட்காமல் என்னால் முடிக்க முடியாது.

எவ்வளவு சின்னது பார்த்தீர்களா, அண்ணே? அதைச் சொல்லி முடிக்க நீங்கள் ஒரு பீடி பற்றவைக்கிற நேரம்கூட ஆகவில்லை.